‘நாவல் மாதிரி இல்லை’ என்று சொல்வதற்கு முன்னால்

நாவலிலிருந்து எடுத்த சரித்திரத் தொடர் எது வந்தாலும் எங்கள் வீட்டில் வாய்ச்சண்டை நிச்சயம். 2024-இல் வந்த ‘ஷோகன்’ (ஜப்பானை ஆண்ட படைத்தலைவருக்கான பட்டம்) தொடர் முடிந்ததும் அத்தான், “பத்து எபிசோடு பில்டப் கொடுத்துவிட்டுப் போரையே காட்டாமல் ஏமாற்றிவிட்டான்” என்றார். அக்கா மகன் “மாஸ்டர்பீஸ்” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டான். இரண்டும் கருத்துதான். ஆனால் அதற்கு மேல் பேச்சு நகராது. பேச்சு நகர்கிற மாதிரி ஒரு கருத்தை எப்படி உருவாக்கிக்கொள்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உதாரணம் முழுக்க ஷோகன்தான். முடிவையெல்லாம் போட்டு உடைக்கப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில், உங்கள் குறை யார் மேல் என்று பிரித்துப் பாருங்கள். இந்தக் கதைக்கு அடியில் 1600-ஆம் ஆண்டு ஜப்பானில் நிஜமாக நடந்தது இருக்கிறது. அதன் மேல் ஜேம்ஸ் கிளாவெல் 1975-இல் எழுதிய, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல். அப்புறம் 1980-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடர். கடைசியாகத்தான் இப்போதையது. எரிச்சல் நாலில் எதன் மேல் என்று தெரியாமல் திட்டினால், பாதி நேரம் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அத்தான் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். அவர் எதிர்பார்த்த போர், 1600-இல் நடந்த செகிகஹாரா போர். அது நாவலிலும் விரிவாகக் கிடையாது. கடைசிப் பக்கத்தில் சில வரிகளில் முடிந்துவிடும். ஆக, ‘ஏமாற்றினார்கள்’ என்பது கிளாவெலுக்குப் போகவேண்டிய புகார். ஏன் அப்படி முடித்தார் என்று கேட்டால் பேச விஷயம் கிடைக்கும். ஒசாகா கோட்டையில் மொழிபெயர்ப்பாளராக வரும் மாரிகோ செத்த அன்றே, கதையின் மையமான பிரபு டோரனாகா ஜெயித்துவிட்டார், மிச்சமிருப்பது கணக்குத் தீர்ப்பதுதான் என்பது என் எண்ணம். ‘புரிகிறது, ஆனாலும் எனக்குப் போதவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதுவும் நியாயம்தான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் எட்டாவது எபிசோடு. டோரனாகா சரணடையப்போவதாகச் சொல்லிவிட்டு, பிரபுக்களைக் கூட்டி உட்காரவைத்திருக்கிறார். சிறு வயதிலிருந்தே கூட இருக்கும் ஹிரோமாட்சு, முடிவை மாற்றாவிட்டால் வயிற்றைக் கிழித்துக்கொள்வேன் என்கிறார். டோரனாகா தடுக்கவில்லை. ஹிரோமாட்சு பெற்ற மகன் புன்டாரோதான் தலையை வெட்ட வாளோடு பின்னால் நிற்கிறான். அந்த நேரத்தில் டோரனாகாவாக நடிக்கும் ஹிரோயுகி சனடாவின் முகத்தை மட்டும் பாருங்கள். கண் கலங்குகிறது, உடம்பு அசையவில்லை. சரணாகதி நாடகம் என்று எதிரி சந்தேகப்படக்கூடாது என்பதற்காகவே அந்த உயிர் போகிறது. அது அந்த இரண்டு கிழவர்களுக்கு மட்டும் தெரியும். நாவலில் ஹிரோமாட்சு இப்படிச் சாவதில்லை. ‘நாவலை மாற்றிவிட்டார்கள்’ என்று இதற்குக் குறை சொன்னவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் மொத்தத் தொடரிலும் இதுதான் உச்சம், பாராட்டு முழுக்கத் தொடரை எடுத்தவர்களுக்கே. அதனால் ‘மாற்றியிருக்கிறார்கள்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். மாற்றியதில் என்ன கிடைத்தது, என்ன போனது என்றும் சொல்லுங்கள்.

‘வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்’ என்ற வாதத்தைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாளுங்கள். டோரனாகா என்பவர் நிஜத்தில் அந்தப் போரில் ஜெயித்த டோகுகவா இயெயாசு. கதையின் வெள்ளைக்கார ஹீரோ பிளாக்தார்ன் என்பவர் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில மாலுமி. மாரிகோவுக்கு மூலம் ஹோசோகவா கிராசியா என்ற பிரபு குடும்பத்துப் பெண். ஆடம்ஸும் கிராசியாவும் சந்தித்ததற்கே ஆதாரம் கிடையாது, காதலுக்கு எங்கே போவது? பெயர்களையெல்லாம் மாற்றியதன் மூலம், இது என் கற்பனை என்று கிளாவெலே சொல்லிவிட்டார். அதற்கு மேல் சரித்திரத்தை வைத்து அடித்தால் எடுபடாது.

பழைய தொடரைப் பார்த்தவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ரிச்சர்ட் சாம்பர்லெய்ன் நடித்த அதில் ஜப்பானியப் பேச்சுக்குப் பெரும்பாலும் சப்டைட்டிலே இருக்காது. வெள்ளைக்கார மாலுமிக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவுதான் நமக்கும். புதியதில் பேச்சு பெரும்பகுதி ஜப்பானிய மொழி, முழுக்க சப்டைட்டிலோடு. கதை டோரனாகா பக்கம் சாய்ந்துவிட்டது. ‘ஹீரோவை டம்மியாக்கிவிட்டார்கள்’ என்ற புலம்பல் அங்கிருந்துதான் வருகிறது. அதில் எனக்கும் பாதி உடன்பாடு. கடைசி சில எபிசோடுகளில் பிளாக்தார்ன் பல காட்சிகளில் சும்மாதான் நிற்கிறார்.

பார்க்கும்போதே செய்யவேண்டியவை கொஞ்சம் உண்டு. டப்பிங்கில் பார்க்காதீர்கள். மாரிகோ ஒருவர் பேச்சை இன்னொருவருக்குச் சொல்லும்போது காரத்தைக் குறைத்துச் சொல்வதில்தான் பாதிச் சுவை இருக்கிறது, எல்லாரும் ஒரே மொழியில் பேசினால் அது காணாமல் போய்விடும். இதில் வரும் ஆங்கிலம் கதைப்படி போர்த்துகீசியம் என்பதையும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ‘ஜப்பான்காரிக்கு எப்படி இவ்வளவு இங்கிலீஷ்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். படத்தின் ஓரங்கள் மங்கலாகத் தெரிந்தால் டிவி செட்டிங்கைக் குடைய வேண்டாம், லென்ஸ் அப்படி. அது பிடிக்கவில்லை என்று நிறையப் பேர் சொன்னார்கள், எனக்கும் சில இடங்களில் கண் வலித்தது.

‘ஸ்லோ’, ‘நம்பும்படி இல்லை’ என்று தோன்றினால் எந்தக் காட்சி என்று ஒரு வரி குறித்துவையுங்கள். வாசலில் தொங்கவிட்ட ஒரு பறவையைத் தொடாதே என்று பிளாக்தார்ன் அரைகுறை ஜப்பானிய மொழியில் சொல்லிவைக்க, நாற்றம் தாங்காமல் அதை எடுத்த கிழத் தோட்டக்காரன் உயிரையே விடுகிறான். ஒரு பறவைக்காகவா என்று அக்கா கொதித்தாள். அது நாவலிலேயே இருப்பதுதான். பிளாக்தார்னுக்கும் அதே கொதிப்புதான் வருகிறது. நமக்கும் வரவேண்டும் என்றே எழுதப்பட்ட காட்சி அது.

தொடரைப் பார்த்து முடித்த பிறகு நாவலைப் படியுங்கள். முன்பே படித்தால் ஒவ்வொரு காட்சியிலும் டிக் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லையா, தகராறு வந்த இடத்தை மட்டும் தேடிப் படித்தாலும் போதும்.

அடுத்த சீசன்கள் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். நாவல் முதல் சீசனிலேயே தீர்ந்துவிட்டது, அதனால் இனி ஒப்பிட்டுப் பார்க்கச் சரித்திரம்தான் மிச்சம். 1603-இல் இயெயாசு ஷோகன் ஆனது, ஆடம்ஸ் அவருக்குக் கப்பல் கட்டிக்கொடுத்தது, ஊர் திரும்பாமலே 1620-இல் ஹிராடோவில் இறந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. அதற்குள் படித்துவைத்துக்கொள்ளலாம்.