பேப்பர் இல்லாமல் அமெரிக்காவில் லைசன்ஸ் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் 2015 ஜனவரி முதல் குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களும் ஓட்டுநர் உரிமம் வாங்கலாம். ஏபி 60 என்ற சட்டம் அதற்கு வழி செய்தது. 2013-இல் அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், மினசோட்டா என்று இன்னும் பல மாநிலங்களிலும் இப்போது இந்த வழி உண்டு. விசா முடிந்தும் தங்கிவிட்டவர்கள், வேலை போய் ஹெச்1பி வேலை விசா தரும் 60 நாள் அவகாசத்தையும் தாண்டியவர்கள், இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் கேட்டு, வேலை அனுமதி அட்டை இன்னும் வராமல் காத்திருப்பவர்கள் என்று நம்மவர்களிலும் இது தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குத் துணையாக, உரிமம் வழங்கும் டிஎம்வி அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் சொல்வது பெரும்பாலும் கலிஃபோர்னியா நிலவரம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒரே ஒரு விரல் அழுத்தத்தில் நடந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தொடுதிரை முன் நின்று விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். உயரம், கண் நிறம், முகவரி என்று வரிசையாக வந்தது. வேகம் பிடித்துவிட்டது. அடுத்த திரையில் நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்வி. "இதுக்கும் ஓம் தானே, தம்பி?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் விரல் 'யெஸ்' மேலேயே நின்றிருந்தது. "இல்லையக்கா, அதுக்கு மட்டும் நோ" என்றேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் படபடக்கிறது.

லைசன்ஸ் கவுண்டரில் வாக்காளர் பதிவும் சேர்ந்தே நடப்பதற்குக் காரணம் 1993-ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம். குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டால், 1996-இல் வந்த குடியேற்றச் சட்டத் திருத்தத்தின்படி பிற்காலத்தில் கிரீன் கார்டுக்கான கதவே அநேகமாக மூடிவிடும். நாளைக்குக் குடிமகன் ஒருவரைத் திருமணம் செய்தாலும் அது உங்களை விடாது. அதிகாரிதான் தவறாகப் பதிந்தார் என்று சொல்லித் தப்பிப்பதும் எளிதல்ல. 2018 அக்டோபரில் கலிஃபோர்னியா டிஎம்வியே, சுமார் 1,500 பேரை வாக்காளர்களாகத் தவறுதலாகப் பதிந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அதில் குடிமக்கள் அல்லாதவர்களும் இருந்தார்கள். ஆகவே கையெழுத்துப் போடும் முன் அச்சான தாளை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருந்தால் இருக்கட்டும். வாக்காளர் அட்டை எதுவும் தபாலில் வந்தால் மேசை டிராயரில் போட்டு வைக்காமல் உடனே குடியேற்ற வக்கீலிடம் காட்டுங்கள்.

அந்த அக்காவுக்கு ஏபி 60 தேவையே இல்லை என்பது இன்னொரு விஷயம். அடைக்கல வழக்கு நிலுவையில் இருந்து, வேலை அனுமதி அட்டையும் கையில் இருந்தால், அந்த அட்டையின் காலம் வரைக்குமான சாதாரண உரிமத்துக்கே விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் ஏபி 60 வரிசையில் போய் நிற்பவர்கள் உண்டு.

அப்புறம் பெயர். இது நம் தமிழர்களுக்கென்றே வந்த தொல்லை. அப்பா பெயரை இனிஷியலாக வைத்து வளர்ந்தவர்கள் நாம். முழுப்பெயரும் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடத்தில் இருக்கும், சர்நேம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அந்த முழுப்பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் 'குமார்' மட்டும், மின்கட்டண பில்லில் அப்பா பெயர் மட்டும், வங்கித் தாளில் இனிஷியலோடு. நான்கு தாளிலும் ஒரே ஆள்தான். ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு அது நான்கு ஆள். விண்ணப்பிக்கும் முன்பே வாடகை ஒப்பந்தம், பில் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாகி இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்புச் சான்றிதழைக் காட்டப் போகிறீர்கள் என்றால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

முன்பு எப்போதாவது வேறு பெயரிலோ, பிறருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலோ லைசன்ஸ் எடுத்திருந்தால் நேரே கவுண்டருக்குப் போகாதீர்கள். முகத்தை ஒப்பிட்டுப் பழைய பதிவைக் கண்டுபிடித்துவிட வாய்ப்பு உண்டு. நாடு கடத்தும் உத்தரவு நிலுவையில் இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: முதலில் வக்கீல், பிறகு டிஎம்வி. மாநிலச் சட்டம் பாதுகாக்கிறது என்பதால் விவரம் வெளியே போகவே போகாது என்று நம்ப வேண்டாம். காவல்துறைகள் பகிர்ந்துகொள்ளும் தேசிய வலையமைப்பு வழியாக உரிமத் தகவல்கள் மத்திய அமைப்புகளுக்கும் கிடைக்கக்கூடும். நியூயார்க்கின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்றத் துறைக்குத் தகவல் தர நீதிபதியின் ஆணை வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு எதிராக 2025 பிப்ரவரியில் மத்திய அரசே வழக்குப் போட்டது.

நம்மூர் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஏஜெண்டிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்ப் பழகியவர்கள் இங்கேயும் ஏஜெண்டைத் தேடுகிறார்கள். வேறு மாநிலத்தில் முகவரி ஏற்பாடு செய்து லைசன்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணமும் போகும், பொய் முகவரி கொடுத்த குற்றமும் உங்கள் தலையில் விழும். நோட்டரி என்று பலகை மாட்டியிருப்பவர் வக்கீல் அல்ல. அவர் கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். இணையத்தில் விற்கும் 'சர்வதேச லைசன்ஸ்' இன்னொரு ஏமாற்று. இந்தியாவில் ஆர்டிஓ கொடுக்கும் உண்மையான சர்வதேசப் பெர்மிட்டும் உங்கள் இந்திய உரிமத்துக்குத் துணையாக ஓராண்டுக்குச் செல்லும் தாள்தான், தனி உரிமம் அல்ல. கலிஃபோர்னியாவில் குடியிருக்கத் தொடங்கினால் 10 நாளுக்குள் இங்கத்திய உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு தேறியதும் கிடைக்கும் பழகுநர் பெர்மிட்டை வைத்துக்கொண்டு தனியாக ஓட்டுவதும், ஓட்டும் தேர்வுக்கே தனியாகக் காரில் போய் இறங்குவதும் வழக்கமாக நடக்கிறது. உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். தேர்வில் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது ஸ்டாப் பலகையில். சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், மெதுவாக உருண்டு போனால் போதாது.

கார் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சக் காப்பு ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. விபத்து நடந்தால் பயத்தில் ஓடிவிடாதீர்கள். சாதாரண மோதலும் ஓடினால்தான் குற்ற வழக்காகிறது. ஏபி 60 வந்த பிறகு இடித்துவிட்டு ஓடும் சம்பவங்கள் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2017-இல் கண்டார்கள். கையில் லைசன்ஸ் இருப்பவருக்கு நிற்கும் தைரியம் வருகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கையில் கிடைத்த அட்டையை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு. 2018 ஜூன் மாதம், புரூக்ளினில் உள்ள ஃபோர்ட் ஹாமில்டன் ராணுவ முகாமுக்கு பீட்சா கொண்டுபோன ஒருவர் நியூயார்க் நகராட்சி கொடுத்த அடையாள அட்டையை வாசலில் நீட்டினார். நகரத்துக்குள் நூலகத்துக்கும் பள்ளிக்கும் செல்லும் அட்டை அது. ராணுவ முகாமின் வாசல் மத்திய அரசுடையது. அவரைப் பிடித்துக் குடியேற்றத் துறையிடம் ஒப்படைத்தார்கள். நீதிமன்ற உத்தரவில் வெளியே வர ஜூலை இறுதி ஆயிற்று. ராணுவ முகாம், மத்திய அலுவலகம், விமான நிலையம் மூன்றும் அப்படிப்பட்ட வாசல்கள்தான். வேறு மாநிலத்துக்குக் காரில் போகும் முன்பும் விசாரியுங்கள். ஆவணமற்றவர்களுக்கென்றே தனியாக வழங்கும் சில மாநில உரிமங்களை ஃபுளோரிடா 2023 முதல் ஏற்பதில்லை.

போலீஸ் நிறுத்தினால் லைசன்ஸ், வண்டிப் பதிவு, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கொடுங்கள். பதற்றத்தில் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டாதீர்கள். கலிஃபோர்னியாவில் ரியல் ஐடி (மத்திய அரசின் விதிப்படி வழங்கும் உரிமம்) அல்லாத எல்லா உரிமத்திலும், குடிமக்களுடையது உட்பட, மத்திய வரம்புகள் பொருந்தும் என்ற அதே வாசகம்தான் இருக்கிறது, அதனால் அந்த வாசகம் மட்டும் உங்களைக் காட்டிக்கொடுக்காது. எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், பதில் சொல்லாமல் இருக்கலாம்.

லைசன்ஸ் கிடைக்காத பயத்தில் மற்ற சேவைகளையும் விட்டுவிடுகிறார்கள் பலர். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் குடியேற்ற ஆவணம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்துவிட்டது. சேர்க்கைப் படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், இட்டுக்கட்டிய எண்ணை எழுதாதீர்கள். நெஞ்சுவலி என்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, யாராக இருந்தாலும் முதலில் பரிசோதித்து உயிராபத்தைத் தணித்தாக வேண்டும். பில் பேச்சு அதற்கப்புறம்தான்.