இபி-1ஏ: பத்தில் எதை எடுப்பது, எதை விடுவது

இபி-1ஏ, அதாவது தங்கள் துறையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான அமெரிக்க கிரீன் கார்டு வகைக்கு, மனு போட உட்காரும் பலரும் முதலில் செய்வது, பத்து தகுதிகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதற்கெல்லாம் கையில் ஒரு காகிதம் இருக்கிறதோ அதற்கெல்லாம் டிக் அடிப்பதுதான். ஏழு காட்டினால் குறைந்தது மூன்று தேறாதா என்ற கணக்கு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2010-ல் வந்த கசாரியன் வழக்குத் தீர்ப்புக்கு அப்புறம் அமெரிக்கக் குடியேற்றத் துறை இரண்டு படியாகப் பார்க்கிறது: மூன்று தகுதியாவது தேறுகிறதா, தேறினால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது இவர் தன் தொழில்துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர்தானா. முதல் படியில் ஒப்புக்குச் சேர்த்தது இரண்டாம் படியில் நல்ல ஆதாரத்தின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

ஆராய்ச்சியில் இருப்பவர்கள் கட்டுரைகள், பிறர் வேலையை மதிப்பிட்டது, இந்த இரண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். மதிப்பிடச் சொல்லி வந்த அழைப்பு மட்டும் போதாது. ரிவியூவை முடித்துக் கொடுத்ததற்கு எடிட்டர் அனுப்பிய நன்றி மெயில் வேண்டும், அதை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

மூன்றாவதாக எடுக்கும் தகுதியில்தான் உழைப்பு, உதாரணமாக உங்கள் துறைக்குச் செய்த முக்கியமான சொந்தப் பங்களிப்பு. பேட்டன்ட் இருந்தால் அது புதியது என்பதற்குச் சாட்சி, ஆனால் விதி கேட்பது துறையில் அதனால் என்ன பெரிய மாற்றம் வந்தது என்பதை. யார் லைசென்ஸ் வாங்கினார்கள், எந்தப் பொருளில் ஓடுகிறது என்று காட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு முக்கியப் பொறுப்பும் உயர்ந்த சம்பளமும் சேர்ந்து வருவது நல்லது, ஒன்று சொல்வதை மற்றது உறுதிப்படுத்தும். சம்பளத்தை உங்கள் ஊரில் அதே வேலை செய்பவர்களோடு ஒப்பிடுங்கள். சம்பளம் அதிகமான சான் ஹோசே போன்ற ஊரின் சம்பளத்தை நாட்டுச் சராசரியோடு வைத்துக் காட்டினால் அதிகாரிக்கு உடனே தெரிந்துவிடும்.

சங்க உறுப்பினர் தகுதியில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சந்தா கட்டினால் கிடைக்கும் உறுப்பினர் அட்டை எதற்கும் உதவாது, ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தில் ஃபெலோ (சாதனைக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் உயர்நிலை) என்றால் அது வேறு. ஆபீசுக்குள் கொடுத்த சிறந்த ஊழியர் விருதையும் விருதுக் கணக்கில் வைக்காதீர்கள், முக்கியப் பொறுப்புக்கான ஆதாரத்தோடு சேருங்கள், அங்கே அதற்கு மதிப்பு உண்டு.

அந்தப் பொறுப்புக்கான கடிதத்தை உங்கள் வேலையை நேரில் பார்த்தவரே எழுதட்டும். "இவர் மிகத் திறமையானவர்" என்பதை அடித்துவிட்டு, எந்த சிஸ்டத்தைக் கட்டினீர்கள், அது இல்லையென்றால் கம்பெனியில் எது நின்றுபோயிருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள்.