வேட்டியில் 21.1 கிலோமீட்டர்

வேட்டி கட்டி ஓடும் அரை மாரத்தானுக்கு நண்பனோடு பெயர் கொடுத்துவிட்டேன். ஒத்திகைக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலையருகே மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆறாவது கிலோமீட்டரிலேயே தொடை எரிச்சல். கடலோர ஈரக்காற்றில் வியர்வை லேசில் காயாது; நனைந்த துணியும் வியர்வை உப்பும் சேர்ந்தால் அசல் உப்புத்தாள்தான்!

தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், வழிந்தோடிவிட்டது. வாஸ்லின் நின்றது. ஆனால் கட்டும் விதத்தை மாற்றியதுதான் உண்மையான வைத்தியம்: நாலு முழத்தைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, உள்ளே இறுக்கமான சைக்கிள் ஷார்ட்ஸ், மேலே பெல்ட். ஊக்கு மட்டும் வேண்டாம், குத்தும் (தழும்பு இருக்கிறது).

“பெல்ட் போட்டா அது வேட்டியாடா?” என்று நக்கலடித்தவன், பந்தயத்தன்று கடைசி மூன்று கிலோமீட்டரை ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடியே ஓடினான்.