பாலம், ஆலை, தறி, அணை: மட்டக்களப்பு–அம்பாறையில் தொழில் மரபு பார்க்க இரண்டு நாள்

இங்கே தொழில் வரலாறு கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது குறைவு. நூதனசாலையை மட்டும் நம்பி வந்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். எந்த இடத்திலும் மூன்றைக் கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வந்தது, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, செய்த சரக்கு எந்த வழியால் வெளியே போனது.

பெப்ரவரிக்கும் செப்டெம்பருக்கும் இடையில் வாருங்கள். மாரி மழையில் வயலோர வீதிகள் வெள்ளத்தில் போகும். இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமையக்கூடாது, காரணம் கீழே.

முதல் நாள் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கோட்டையில் தொடங்கலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. வாவிப் பக்கமாக நின்று பார்த்தால்தான் கோட்டை ஏன் இந்த இடத்தில் என்பது விளங்கும்: அன்று சரக்கு வள்ளத்தில்தான் போனது. பின் கல்லடிப் பழைய பாலம். 1924ஆம் ஆண்டுக் கட்டுமானம், நீளம் சுமார் 288 மீற்றர். இந்த வாவியில் மீன் பாடும் என்பது பேச்சு, எல்லாரும் அதற்குத்தான் காது கொடுப்பார்கள்; நீங்கள் இரும்புச் சட்டங்கள் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள். வரிசையாகத் தெரியும் உருண்டைத் தலைகள் சட்டங்களை இணைக்கப் பழுக்கக் காய்ச்சி அடித்த ஆணிகள், அதாவது ரிவெட்டுகள். ஆறுமூலை நட்டு தெரிந்தால் அது பிற்காலத் திருத்தம்.

ரயில் 1928இல் மட்டக்களப்புக்கு வந்தது. வடக்கே சுமார் 30 கிலோமீற்றரில் வாழைச்சேனைக் கடதாசி ஆலை. வைக்கோல், தண்ணீர், ரயில் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததால் 1950களில் இங்கே எழுந்தது. வைக்கோலைக் கோஸ்ரிக் சோடா என்ற காரத்தில் அவித்துக் கூழாக்குவதே அன்றைய முறை. சிக்கலும் வைக்கோலில்தான்: அதிலுள்ள சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்), அவித்த கறுப்பு நீரிலிருந்து சோடாவை மீட்கும் கருவிகளில் படிந்து அடைக்கும். மீட்காவிட்டால் செலவு ஏறும், கழிவும் பெருகும். உள்ளே போக முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். வாசலில் நின்று கேட்டால் பெரும்பாலும் திரும்ப வேண்டியதுதான். பக்கத்திலுள்ள ஓட்டமாவடிப் பழைய பாலத்திலும் இறங்குங்கள். ரயிலும் வாகனமும் ஒரே தளத்தில் மாறி மாறிப் போன பாலம் அது.

இரண்டாம் நாள் காலையில் காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலை. திறந்திருக்கிறதா என்று முதல்நாளே விசாரியுங்கள். அங்கிருந்து கல்முனை பஸ்ஸில் கைத்தறி ஊரான மருதமுனை. அதிக நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். வெள்ளி மதியம் ஜும்மாவுக்குத் தறிகள் நிற்கும், அன்று முழுக்கவே வேலை குறைவு. மற்ற நாட்களில் காலையிலேயே போய்ச் சேருங்கள்.

பார்க்கும் ஒழுங்கு முக்கியம். நேரே தறிக்குப் போனால் சத்தம்தான் மிஞ்சும். முதலில் சாயம்: நூல் கழி முழுதும் ஒரே சீராக நனையாவிட்டால் துணியில் வெளிறிய பட்டை விழும், பிறகு மறைக்க முடியாது. அடுத்து நூல் சுற்றுவது, பாவோடுவது, அதாவது நீளவாட்டு நூல்களை (பாவை) இழுத்து ஒழுங்காக்குவது. பாவில் ஓரிழை தளர்ந்தாலும் நெய்யும்போது அந்த இடம் சுருங்கும். கடைசியாகத் தறி: மிதியை அழுத்தப் பாவு பிரியும், கயிற்றை இழுக்க நாடா என்ற கட்டை குறுக்கு நூலான ஊடையோடு ஓடும், சீப்புப் போன்ற அச்சு வந்து அதை இடிக்கும். கை இடிக்கும் வேகம் மாறினால் ஊடை நெருக்கமும் மாறும். சாரன் வாங்கும்போது துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நெருக்கம் இடத்துக்கிடம் சற்றே வேறுபட்டால் கைத்தறிக்கு அது நல்ல அடையாளம். பேரம் பேசுமுன் ஒரு சாரனுக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். 2004 சுனாமியில் இவ்வூர்த் தறிகள் பல அழிந்தன. பழைய மரத்தறி கண்டால் அதன் வயதையும் விசாரிக்கலாம்.

மதியத்துக்குப் பின் அம்பாறை, அங்கிருந்து ஓட்டோவில் இங்கினியாகலை. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து வாடகை பேசிக்கொள்ளுங்கள். பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயா அணை இது. அமெரிக்காவின் மொரிசன்–நட்சன் நிறுவனம் கட்டியது. அம்பாறை நகரம் வளர்ந்ததே இந்த வேலையால்தான். 11 மெகாவாற்று மின்நிலையம் வயலுக்குத் திறக்கும் நீரில் சுழல்வதால், பாய்ச்சல் இல்லாத நாளில் இயந்திரம் சும்மா நிற்கும். அணையில் படமெடுக்குமுன் காவலரிடம் கேளுங்கள், ட்ரோனைக் கொண்டுவரவே வேண்டாம். ஹிங்குராணை சீனி ஆலை பக்கத்தில்தான். ஆனால் கரும்பு அரவை நடக்காத மாதத்தில் அங்கே போவது வீண்.

இரவுக்குள் மட்டக்களப்பு திரும்ப, அம்பாறையில் இறங்கியவுடனேயே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தரிப்பிடத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் கையிலிருந்தால் குருமண்வெளியிலிருந்து பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) ஏறி மண்டூருக்குப் போகலாம். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையும் மேற்குக் கரையான படுவான்கரையும் வாவியால் எப்படி இணைந்திருந்தன என்பதை அதில்தான் பார்க்க முடியும். காற்று பலமாக வீசினால் பாதை ஓடாது.