கோத்தகிரி மேசைக்கு 4கே திரை தேவையா?

கோத்தகிரியில் தேயிலைக் கணக்கையும் தமிழ்க் கடிதங்களையும் நாள் முழுவதும் கணினியில் பார்ப்பவர், திரை வாங்குமுன் ‘ண்’ என்ற எழுத்தை மிகச் சிறிய அளவில் தட்டிப் பார்க்கட்டும். 24 அங்குல முழு எச்.டி. (1920×1080 புள்ளிகள்) திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகளே இருப்பதால் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். 27 அங்குல 4கே (3840×2160 புள்ளிகள்) திரையில் அது 163 ஆவதால் எழுத்து அச்சிட்டதுபோல் தெளியும். ஆனால் விண்டோஸ் அமைப்பில் அளவை 150 விழுக்காடாக உயர்த்தாவிட்டால் எழுத்து எறும்பாகிவிடும். இணைப்பையும் கவனியுங்கள்: கணினியையும் திரையையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. வடத்தின் 1.4 பதிப்பு வழியாக 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால் சுட்டி இழுபடும். எச்.டி.எம்.ஐ. வழியாக நொடிக்கு 60 வேண்டுமெனில் கணினி, திரை இரண்டிலும் 2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்க வேண்டும். 14 அங்குல மடிக்கணினிக்கு முழு எச்.டி.யே அங்குலத்துக்கு 157 புள்ளிகள் தருகிறது. அதற்கு மேல் செலவிடுவது, என் கருத்தில், பேட்டரியைத்தான் கரைக்கும், மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோகும் எங்கள் மலையில் அது சிறிய இழப்பன்று.