தொழில் பழகுநரைச் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழகுநர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் முதலாளி முதலில் போடுவது உதவித்தொகைக் கணக்கு. மாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை மாதத்தில் அவர் கைக்கு உதவுவார் என்று பார்த்து முடிவெடுத்துவிடுகிறார். யார் கற்றுக்கொடுக்கப் போகிறார், அவருக்கு அதற்கு நேரம் எங்கே இருக்கிறது என்ற கணக்கு அப்படியே விட்டுப்போகிறது. உலோகத் துண்டைச் சுழற்றிக் கடையும் இயந்திரமான லேத் ஓடும் பட்டறையில் பல ஆண்டுகளாகப் பழகுநர்களோடு நின்றவன் நான். பயிற்சி பாழாகிப்போன இடங்களை நினைத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் விட்டுப்போனது இந்த இரண்டாவது கணக்குதான்.

வழக்கமாக என்ன நடக்கிறது? பழகுநரை அழைத்துப்போய் மூத்த தொழிலாளி ஒருவரின் பக்கத்தில் நிறுத்தி, "இவருக்கு வேலை கற்றுக்கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விடுகிறார். அந்தத் தொழிலாளி ஒரு நாளில் முடித்துத் தர வேண்டிய உருப்படிகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை. எண்ணிக்கையை வைத்து ஊக்கத்தொகை தரும் பட்டறையாக இருந்தால், கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பையில் இருந்து போகிறது. அவர் மீது குறை சொல்ல முடியாது. பழகுநரை ஒப்படைக்கும் அன்றே அவருடைய உற்பத்தி இலக்கைக் குறையுங்கள். கற்றுக்கொடுப்பதற்கென்று தனியாக ஒரு தொகையும் கொடுங்கள். இதற்கு மனம் வரவில்லை என்றால் பழகுநரைச் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று, வேலையில் கெட்டிக்காரர் எல்லாரும் கற்றுக்கொடுப்பதிலும் கெட்டிக்காரர் ஆகிவிடமாட்டார். "கண் பார்த்தால் கை செய்யும்" என்பார்கள். பாதிதான் உண்மை. மிக நுண்ணிய அளவு பார்க்கும் கருவியான மைக்ரோமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகி முடிக்கும்போது நுனியில் இருக்கும் ராட்செட்டை (அழுத்தம் கூடினால் வழுக்கிவிடும் சிறு பிடியை) இரண்டு மூன்று முறை 'டிக்' என்று சத்தம் வரும்வரை சுழற்றிவிட்டு அளவைப் படிக்க வேண்டும். மூத்தவரின் விரல் இதைத் தானாகச் செய்துவிடும். செய்வது அவருக்கே தெரியாது. பக்கத்தில் நிற்கும் பழகுநரின் கண்ணுக்கு அது தட்டுப்படுவதில்லை. அவர் கருவியை இறுக்கிப் பிடித்துத் திருக, அளவு நூற்றில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டர் குறைவாகக் காட்டுகிறது. "ஒழுங்காகப் பார்த்துப் படி" என்று திட்டு விழுகிறது. அவர் ஒழுங்காகத்தான் படித்தார். தவறு விரலில் இருந்தது, அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வெப்பமும் அப்படித்தான். அளவுகளுக்கான நிலையான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். இயந்திரத்தில் இருந்து சூடாக இறங்கிய 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு அதைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால், நூற்றில் மூன்று பங்கு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். ஆறவிட்டு அளக்க வேண்டும் என்பது மூத்தவருக்குப் பழக்கம். பழகுநருக்கு அதன் காரணத்தைச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புதியவர்களை விரைவில் தேர்ச்சி பெற வைக்க அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. மேற்பார்வையாளர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அட்டையில் நான்கே படிகள்: கற்பவரைத் தயார்செய், செய்து காட்டிச் சொல், அவரைச் செய்யவிட்டுப் பார், பிறகும் தொடர்ந்து கவனி. செய்து காட்டும்போது வேலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கற்பவர் கற்கவில்லை என்றால் கற்றுக்கொடுப்பவர் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அதன் அடிப்படை. அந்த ஒரு வரியை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில் "கவனமாக இரு" என்று சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றுதான். எதில் கவனம் என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? லேத்தில் துண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி சக். அதை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டு லேத்தை ஓடவிட்டால் அது குண்டுபோலப் பறந்து வரும். ஆகவே முதல் நாள், இயந்திரத்தைத் தொடும் முன்பே, "சாவி சக்கில் இருக்கும்வரை உன் கை சாவியில் இருக்க வேண்டும்" என்று சொல்லி, பத்து முறை செய்ய வைக்க வேண்டும். சுழலும் இயந்திரத்தில் கையுறை கூடாது, தொங்கும் சட்டைக் கை கூடாது என்பதையும் அப்படியே. இதையெல்லாம் சொல்லிவிட்டு மூத்தவரே கையுறையோடு நின்றால், பழகுநர் சொன்னதை விட்டுவிட்டுப் பார்த்ததைத்தான் எடுத்துக்கொள்வார்.

எடுபிடி வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலோகச் சீவல்களைக் கூட்டி அள்ளுவது, கருவிகளைத் துடைத்து அடுக்குவது எல்லாம் தொழிலில் சேர்ந்ததுதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. மூன்று மாதம் கழித்தும் அதை மட்டுமே செய்துகொண்டிருந்தால் அவர் பழகுநர் அல்ல. இதற்கு நேர் எதிரான தவறு வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. ஒரு வேலையை நன்றாகப் பழகியதும் அந்த இயந்திரத்திலேயே அவரைக் கட்டிப்போட்டுவிடுவது. ஒரே அளவுத் துளையை ஆண்டு முழுவதும் போட்டவருக்குத் தெரிந்தது ஒரு துளை. எந்த மாதம் எந்த வேலை என்று முதலிலேயே எழுதிவைத்து, பழகுநரின் கையில் ஒரு குறிப்பேடு கொடுத்து, வாரம் ஒருமுறை அதைப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். ஜெர்மனியில் 2 முதல் 3½ ஆண்டுகள் வரை நடக்கும் தொழிற்பயிற்சியில் இப்படி ஒரு பயிற்சிக் குறிப்பேடு உண்டு. அங்கே பழகுநர் தொழிற்பள்ளிக்கும் போகிறார். வகுப்புக்கு முதலாளி அவரை விடுவித்தே ஆக வேண்டும். "இன்று அவசர ஆர்டர், வகுப்புக்கு நாளை போகலாம்" என்று நிறுத்திவைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. ஒரு முறை நிறுத்தினால் அடுத்த அவசரமும் தானே வந்துவிடும்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். காலம், உதவித்தொகை, வேலை நேரம், விடுப்பு, என்னென்ன கற்றுத்தரப்படும் என்பவை அதில் இருக்கட்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் ஏற்ற பழகுநர் பயிற்சி பற்றிய பரிந்துரையும் எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் நாட்டின் விதிகளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதும், தெரிந்தவர் அனுப்பினார் என்பதற்காகச் சேர்ப்பதும் அடிக்கடி நடக்கின்றன. ஒரு முழு நாள் பட்டறையில் இருக்கச் சொல்லுங்கள். நாள் முழுவதும் நிற்பது, இரைச்சல், எண்ணெய் வாடை எல்லாம் அவருக்கும் தெரியட்டும். அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள்.

ஒருமுறை கழிவுத் தொட்டியைக் காலி செய்தபோது, சீவல்களுக்கு அடியில் அளவு தவறிய நான்கு உருப்படிகள் கிடந்தன. எங்கள் பழகுநர் புதைத்து வைத்தவை. அதற்கு முந்தைய வாரம் ஒரே ஒரு உருப்படிக்காக எல்லார் முன்னாலும் அவரை நான் சத்தம் போட்டிருந்தேன். நான்கும் ஒரே அளவில் தவறியிருந்தன. முதல் துண்டு கெட்டபோதே "அண்ணா, தப்பாகிவிட்டது" என்று வந்திருந்தால் மற்ற மூன்றும் தப்பியிருக்கும். அவரை வரவிடாமல் செய்தது என் வாய். அன்றில் இருந்து, கெட்ட உருப்படியைக் கொண்டுவந்து காட்டுபவரிடம் நான் முதலில் கேட்பது "எந்தக் கட்டத்தில் மாறியது?" என்பதுதான்.

கடைசியாக, கற்றுக்கொடுத்தால் போய்விடுவார் என்ற பயம். அதனாலேயே சில முதலாளிகள் உலோகத்தை வெட்டும் டூலைத் தீட்டுவதையோ வரைபடம் படிப்பதையோ பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பாதி தெரிந்தவரை வைத்துக்கொண்டு பட்டறைக்கு என்ன பயன்? பழகுநர்கள் போவதற்கு நான் பார்த்த காரணம் வேறு. பயிற்சி முடிந்த பிறகும் அதே உதவித்தொகையைக் கொடுத்து, "பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பார்கள். அதற்குள் வேறு இடத்தில் முழுச் சம்பளத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். முடிய மூன்று மாதம் இருக்கும்போதே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்: எந்த இயந்திரம், என்ன சம்பளம், எந்தத் தேதியில் இருந்து.