வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு: இணைப்பு அறுபடாமல் செயலி எழுதுவது எப்படி?

வைஃபை எல்லையைத் தாண்டியதும் பாதி இறங்கிய கோப்பு நின்றுபோகிறது. எல்லோரும் சிக்னலைத்தான் திட்டுகிறார்கள். பல நேரங்களில் காரணம் டிசிபி, அதாவது தரவு வரிசை தவறாமல் போய்ச்சேருவதைப் பார்த்துக்கொள்ளும் இணைய நெறிமுறை. இரு முனைகளின் ஐபி முகவரிகள், இரு போர்ட் எண்கள் (கருவியில் எந்த நிரலுக்கு என்று குறிக்கும் எண்கள்) ஆகிய நான்கையும் வைத்தே அது ஓர் இணைப்பை அடையாளம் காண்கிறது. வலையமைப்பு மாறினால் போனின் ஐபி முகவரியும் மாறும். பழைய இணைப்பு அத்தோடு சரி.

போன் எப்போது வலையமைப்பு மாற வேண்டும் என்பது நம் கையில் இல்லை. முகவரி மாற்றத்தைச் செயலி தாங்கிக்கொள்ளும்படி எழுதுவது நம் கையில் இருக்கிறது.

படி 1: சிக்கலை வரவழையுங்கள்

பெரிய கோப்பு ஒன்றை இறக்கத் தொடங்கி, வைஃபையை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உடனே பிழை வந்துவிடும்; இது எளிய சோதனை. அடுத்து, வைஃபையை அணைக்காமல் ரவுட்டரை விட்டு நடந்து விலகுங்கள். உண்மையான தொல்லை இங்கேதான் தெரியும். பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலைகின்றன, போனோ வைஃபையை விடுவதாக இல்லை. டிசிபியும் மறுபடி அனுப்புவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறது. மறுமுனையில் இருக்கும் லினக்ஸ் சர்வர், இயல்பான அமைப்பில், பதில் வராத இணைப்பைக் கைவிடச் சுமார் 15 நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

படி 2: விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்

செலவு குறைந்த, பலன் அதிகமான படி இது. இதைச் செய்யாமல் புதிய நெறிமுறைகளைத் தேடி ஓடுவது வீண் என்பேன்.

கோப்புகளைக் கேட்டு வாங்கப் பயன்படும் ஹெச்டிடிபி நெறிமுறையில், எந்தப் பகுதி வேண்டும் என்று சொல்லும் ரேஞ்ச் தலைப்பை அனுப்பினால் கோப்பின் மீதிப் பகுதியை மட்டும் கேட்கலாம். சர்வர் ஒப்புக்கொண்டால் 206 என்ற குறியீட்டுடன் பதில் வரும். இடையில் கோப்பே மாறிவிட்டதா என்பதை ஈடேக் (கோப்பின் பதிப்பைக் குறிக்கச் சர்வர் தரும் அடையாளம்) மதிப்பைக் கொண்டு சரிபாருங்கள். இல்லாவிட்டால் இரு வேறு கோப்புகளின் பாதிகள் ஒட்டிக்கொண்டு கிடைக்கும். பதிவேற்றத்தைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். பணம் செலுத்துவது போன்ற கோரிக்கைகளுக்குத் தனி அடையாள எண் கொடுங்கள்; மறுபடி அனுப்பினாலும் சர்வர் ஒருமுறைதான் நிறைவேற்ற வேண்டும்.

ஆண்ட்ராய்டில் கனெக்டிவிட்டி மேனேஜர், ஐபோனில் என்டபிள்யூ பாத் மானிட்டர் ஆகியவை வலையமைப்பு மாறியதைத் தெரிவிக்கும். அந்தச் செய்தி வந்ததும், காத்திருப்பு நேரம் முடியும்வரை உட்கார்ந்திராமல் உடனே புதிதாக இணையுங்கள்.

படி 3: குவிக் நெறிமுறைக்கு மாறுங்கள்

2021இல் தரப்படுத்தப்பட்ட குவிக், இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட்டுகளை அனுப்பும் யுடிபி நெறிமுறையின் மேல் ஓடுகிறது. ஹெச்டிடிபியின் புதிய பதிப்பான ஹெச்டிடிபி/3க்கு அடித்தளம் இதுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் இதில் ஓர் அடையாள எண் உண்டு. ஆள் வீடு மாறினாலும் போன் எண் மாறாததைப் போல, ஐபி மாறினாலும் இணைப்பு தொடரும். புதிய முகவரியிலிருந்து பாக்கெட் வந்ததும் சர்வர் ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அங்கிருப்பது அதே ஆள்தானா என்று உறுதி செய்துகொள்ளும்.

வேகம் மட்டும் உடனே பழைய நிலைக்கு வராது. புதிய பாதையின் கொள்ளளவு தெரியாததால் குவிக் மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டும். இது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

சர்வரில் யுடிபி 443 போர்ட்டைத் திறக்க மறக்காதீர்கள். பல சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக்கொடுக்கும் லோட் பேலன்சர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது ஐபி முகவரியைப் பார்த்துப் பாக்கெட்டுகளைப் பிரித்தால், இடம் மாறிய போனின் பாக்கெட்டுகள் இணைப்பை அறியாத வேறொரு சர்வருக்குப் போய்விடும். இணைப்பு அடையாள எண்ணைப் பார்த்துப் பிரிக்கும்படி அமையுங்கள். நீங்கள் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு இணைப்பு இடமாற்றத்தை ஆதரிக்கிறதா என்பதையும் பாருங்கள். குவிக் இருந்தாலே இதுவும் இருக்கும் என்பதில்லை.

படி 4: தேவைப்பட்டால் பல்பாதை டிசிபி

வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் ஒரே இணைப்புக்குள் வைத்துக்கொள்ளும் முறை இது. ஆப்பிள் 2013இலேயே தன் குரல் உதவியாளரான ‘சிரி’க்கு இதைப் பயன்படுத்தியது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 5.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. இரு முனைகளிலும் ஆதரவு வேண்டும். இல்லையென்றால் சாதாரண டிசிபியாகவே ஓடும். மொபைல் பாதையைத் துணைப் பாதையாக மட்டும் குறித்துவையுங்கள். வைஃபை நன்றாக இருக்கும்போதே பயனரின் டேட்டாவைத் தின்னும் செயலியை அவர் நீக்கிவிடுவார்.